பெரிய பிலிம், சின்ன ஊர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

தங்ளின் ஹால்ட் பழைய புளோக்குகளை நீங்கள் எடுத்த படங்களைப் பார்த்தேன். தாள் தாளாகப் பிலிம் போட்டு எடுக்கும் பெரிய கேமராவில் எடுத்தவை என்று எழுதியிருந்தீர்கள். நான் கொஞ்ச நாளாக 35 மிமீ பிலிமில் எடுத்துவருகிறேன், லார்ஜ் ஃபார்மட்டுக்கு மாற ஆசை. ஆனால் தேடினால் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், அவர் எடுத்த மலை, நிலா, இவைதான் வருகின்றன. நம் சிங்கப்பூரில் மலைக்கு எங்கே போவது? உங்களுக்கு உந்துதலாக இருப்பவர்கள் யார்? அவர்களிடமிருந்து உண்மையில் எதை எடுத்துக்கொண்டீர்கள்?

செ., யீஷூன்

அன்புள்ள செ.,

மலை இல்லை என்று யார் சொன்னது, புக்கிட் தீமா 163 மீட்டர் உயரம் நிற்கிறதே! சரி, கேலி போதும். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எனக்குப் பிடித்த படங்களை எடுத்தவர்கள் எல்லாரும் என் வேலைக்குள் வந்துவிடவில்லை.

ஆடம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927 ஏப்ரலில் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே அவர் நின்றபோது மிச்சம் இருந்தவை, பிலிம் மாதிரி படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் இரண்டே. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். அதில் வானம் தன் மனதில் இருக்கிற அளவுக்குக் கறுக்காது என்று பட்டதும், கடைசித் தட்டை அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். உலகம் கொண்டாடுவது அந்தப் படத்தைத்தான். படம் எப்படி வரவேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்வது, அது பெரிய பாடம், மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு ஃபில்டர் நீல வானத்தைத்தான் கறுப்பாக்கும். நம் ஊர் வானம் பாதி நாள் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கிடக்கிறது, அதன் முன்னால் எந்த ஃபில்டரைப் போட்டு என்ன செய்ய?

அந்த வெள்ளை வானத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குக் காட்டியவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி. 1959இல் இருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகள், இரும்பு உலைகள், சுரங்கக் கோபுரங்கள், இவற்றைத்தான் எடுத்தார்கள். நிழல் விழக்கூடாது என்பதற்காக மேகம் மூடிய நாளுக்குக் காத்திருப்பார்கள், கட்டடத்தை நேருக்கு நேர் நிறுத்துவார்கள், முடிந்த படங்களைக் கட்டம் கட்டமாகச் சுவரில் மாட்டுவார்கள். தனியாகப் பார்த்தால் ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஒன்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருப்பது தெரியும். 1990இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் கொடுத்தார்கள், அதுவும் சிற்பத்துக்கான பரிசாக! வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இவர்கள் படங்களைத்தான் காட்டுவேன். எனக்கு இப்போது மழைக்கு முந்தைய மந்தாரம்தான் நல்ல வெளிச்சம், டிசம்பர், ஜனவரியில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

அப்புறம் அட்ஜே. பாரிஸ் நகரத்தின் பழைய தெருக்களையும் கடை வாசல்களையும் 1890களில் தொடங்கி 1927இல் சாகும்வரை 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகளில் எடுத்துக்கொண்டே இருந்தவர். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் ஆவணப் படம் விற்பது அவர் பிழைப்பு, கலைஞன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் இரண்டும் வளைவாகக் கறுத்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? உயரமான கட்டடத்தைப் பார்க்கக் கேமராவை அண்ணாந்து சாய்த்தால் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். பெரிய கேமராவில் பெட்டியை நேராகவே வைத்துக்கொண்டு லென்ஸ் இருக்கும் பலகையை மட்டும் மேலே ஏற்றலாம், சுவர் செங்குத்தாகவே நிற்கும். ஆனால் லென்ஸ் விழவைக்கும் பிம்பம் ஒரு வட்டம், அதற்கு எல்லை உண்டு. அட்ஜே அந்த எல்லை தாண்டியும் ஏற்றுவார், அதனால்தான் மூலை கறுக்கும். அவருக்கு மூலையைவிடக் கூரை முக்கியம். தங்ளின் ஹால்ட்டின் பத்து மாடி புளோக்குகளின் முன்னால் நான் செய்ததும் அதேதான், கறுத்த மூலைகளை வெட்டவும் இல்லை. பழைய புளோக்குகளை இடித்து, குடியிருப்பவர்களை வேறு வீடுகளுக்கு மாற்றும் செர்ஸ் திட்ட அறிவிப்பு 2014இல் வந்த இடம் அது. பழைய பாரிஸ் இடிபட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் தெருத்தெருவாகப் போனார் என்பது இங்கே இருப்பவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

நம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், அதிகம் பேசப்படாதவர். லின்னேயஸ் டிரைப், மதராஸ் ராணுவத்தில் கேப்டன், 1858 வாக்கில் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று போய் எடுத்தவர். பிலிம் எல்லாம் பிறகு வந்தது. அவர் அதிகம் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகடிவ். முன்கூட்டியே தயார்செய்து எடுத்துப் போகலாம் என்பதால் வெயில் ஊருக்கு அது ஒத்துவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டைப் படிக்கிற மாதிரியே படத்தையும் நடந்துகொண்டுதான் பார்க்கவேண்டும். வீவக காரிடார் ஒன்றைக் கதவு கதவாக எடுத்து ஒட்டலாம் என்ற எண்ணம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது. அவர் படங்களில் ஆட்கள் அனேகமாக இல்லை, கோயில்கள் காலியாகக் கிடக்கின்றன. நீண்ட எக்ஸ்போஷரில் நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள் என்பது உண்மைதான். என்றாலும் அரசாங்கத்துக்காக எடுத்த கணக்கெடுப்புப் படம் என்பதும் அந்தக் காலியில் தெரிகிறது. எனக்கு அது உறுத்தும்.

அதனால் ஆட்களை எடுக்கும்போது வேறு இடத்தில் பாடம் தேடினேன். ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் 8க்கு 10 அங்குலக் கேமராவில் எடுத்தார், பிலிம் மட்டும் சுமார் 17,000 தாள்கள் (இன்றைய விலையில் கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்). இந்தக் கேமராவில் காட்சியைப் பார்ப்பது பின்கண்ணாடியில், பிலிமைச் செருகிவிட்டால் அதில் எதுவும் தெரியாது. அதனால் அவர் கேமரா பக்கத்தில் நின்று ஆளை நேராகப் பார்ப்பார். அப்படி நிற்பதை எடுத்துக்கொண்டேன், அவர் பின்னால் கட்டிய வெள்ளைக் காகிதத்தை விட்டுவிட்டேன். தொழிலாளியை அவர் இடத்திலிருந்து பிய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகமும் அழுக்கும்தான் என்று எனக்குப் படுகிறது. ஜெர்மன் புகைப்படக்காரர் ஆகஸ்ட் சாண்டர் கேக், பேஸ்ட்ரி செய்பவர் ஒருவரை அவர் சமையலறையிலேயே, பாத்திரத்தோடு நிறுத்தினாரே, என் ஓட்டு அவருக்கு.

தங்ளின் ஹால்ட்டில் ஒரு ஆன்டி, பின்கண்ணாடியைப் பார்க்க நான் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணிக்குள் என்ன செய்கிறேன் என்று விடாமல் கேட்டார். உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னேன். "என்னம்மா, வீடு தலைகீழாத் தொங்குது!" பிறகு கண்ணாடியில் தன் ஜன்னலைத் தேடினார். மேலே கீழே மாறியிருப்பதைச் சட்டென்று சமாளித்துவிட்டார். இடம் வலமும் மாறியிருப்பதால் விரல் திரும்பத் திரும்பப் பக்கத்து வீட்டின் மேலேயே போய் நின்றது. பிறகு அவரே காரிடாரில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார், துவைத்த துணிகளோடு.

நீங்கள் மாறுவதாக இருந்தால் 4க்கு 5 அங்குலத்தில் தொடங்குங்கள். அதுவே 35 மிமீ சட்டத்தைவிடச் சுமார் 15 மடங்கு பரப்பு. 8க்கு 10 அதைப்போல நான்கு மடங்கு, செலவும் அந்தப் பக்கம்தான் போகும். நம் ஊரில் பிலிமைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள், டெவலப்பர் கரைசலுக்கு 20 டிகிரி வேண்டும், ஐஸ் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிலிம் பெட்டியை உடனே திறந்தால் தாளில் ஈரம் படியும், சில மணி நேரம் வெளியே வையுங்கள். இருட்டில் தாளின் விளிம்பை விரலால் தடவினால் சின்ன வெட்டுகள் தட்டுப்படும். தாளை நெடுக்காகப் பிடிக்கும்போது அவை வலப்பக்க மேல் மூலையில் இருந்தால் மருந்து பூசிய பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். இதைப் பழைய தாள் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிப் பழகலாம்.

கேமரா வாங்குவதற்கு முன் ஒருமுறை என்னோடு வாருங்கள். அடுத்து மேகம் மூடும் சனிக்கிழமை காலையில் காமன்வெல்த் எம்ஆர்டி பக்கம் இருப்பேன். பிலிம் தாளைச் செருகும் ஹோல்டர் என்னிடம் இருக்கிறது, பிலிம் உங்களுடையது.

அன்புடன்,
அக்கா