குடிகாரன் பேச்சு – கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

என் அப்பா பெருங்குடிகாரர். நான் ஒன்பதாவது படிக்கும்போது தற்கொலை செய்துகொண்டார். தாத்தாவும் அப்படித்தான் போனாராம். எனக்கு இப்போது 29 வயது. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு குடிப்பேன். எவ்வளவு குடித்தாலும் எனக்கு ஏறாது. அண்ணன்தான் தினமும் குடிக்கிறான். அண்ணி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. போதை ஏறினால் 'அப்பா போன இடத்துக்கே போறேன்' என்பான். விடிந்தால் மறந்துவிடுவான், நாங்களும் கண்டுகொள்வதில்லை. எனக்குப் பெண் பார்க்கிறார்கள். இது எங்கள் ரத்தத்தில் ஓடுகிற விஷயமா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். குடிக்கென்றோ தற்கொலைக்கென்றோ தனி மரபணு கிடையாது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடும் மரபணு மாறுபாடுகள் ஏராளம். அவற்றை வைத்து இன்னார் இப்படி ஆவார் என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது.

ரத்தத்தில் ஓடுகிறதா என்றால், ஓரளவு ஓடுகிறது. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளின் பதிவேடுகளை வைத்து இதைப் பார்த்தார்கள். குடிநோயாளிகளுக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த 55 ஆண்களில் 10 பேர் குடிநோயாளி ஆனார்கள். மற்றவர்களுக்குப் பிறந்து தத்துப்போன 78 பேரில் 4 பேர். இது 1973-ல் வந்த ஆய்வு. 1979-ல் தற்கொலையைப் பற்றி வந்த ஆய்வில், அப்படி இறந்த தத்துப் பிள்ளைகளின் ரத்த உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். ஒப்பிட எடுத்த, தற்கொலை செய்துகொள்ளாத தத்துப் பிள்ளைகளின் ரத்த உறவினர் 269 பேரில் 2 பேர். வளர்த்த குடும்பங்களில் ஒருவரும் இல்லை. ஆக, பெற்றவர்களிடமிருந்து ஏதோ வருகிறது. ஆனால் முதல் ஆய்வின் 55-ல் மீதி 45 பேரையும், இரண்டாவதன் 269-ல் மீதி 257 பேரையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்க ஒரு தடையும் இல்லை, சனிக்கிழமையைத் தவிர.

'எனக்கு ஏறாது' என்று என்ன பெருமை? குடிநோயாளிகளின் மகன்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க மருத்துவர் மார்க் ஷுக்கிட், இளவயதில் யாருக்குப் போதை குறைவாக ஏறியதோ அவர்களே பின்னாளில் அதிகம் குடிநோயாளி ஆனதைக் கண்டார். போதும் என்று உடம்பு சொல்லாததால் அடுத்த கிளாஸுக்குக் கை போகிறது. பரிசோதனை பரிசோதனை என்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பரிசோதனை முடிவு இதுதான். நிறுத்துங்கள்.

சரி, இதற்காக மட்டும் என்றால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். 'நாங்களும் கண்டுகொள்வதில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். நம் பழமொழிகளில் எனக்கு ஆகவே ஆகாதது இது. என் சித்தப்பா ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து 'நாளைக்கு என்னைப் பாக்க மாட்டீங்க' என்பார். பாட்டி இந்தப் பழமொழியைச் சொல்லி, ரசம் சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பார். எல்லோரும் சிரிப்போம். சித்தி அப்போது பிள்ளைகளோடு பிறந்த வீட்டில் இருந்தார். ஒருநாள் காலையில் சித்தப்பா குடிக்காமல், சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். தன் எச்எம்டி வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார். அது பெரிதாக இருந்ததால் முழங்கை வரை ஏற்றிவிட்டுச் சிரித்தார். ஆள் திருந்திவிட்டான் என்று பாட்டி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அந்த வாரமே சித்தப்பா போய்விட்டார். அப்புறம் ஊரே சொன்னது, 'அவங்க அப்பனும் இப்படித்தானே, ரத்தம்.'

ரத்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் கேட்டிருக்க வேண்டியதில்லை பாருங்கள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1956-57-ல் தற்கொலை செய்துகொண்ட 134 பேரின் வீடுகளுக்குப் போய் மருத்துவர்கள் விசாரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் யாரிடமாவது முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அந்த 134 பேரில் குடிநோயாளிகள் 31 பேர். அந்த 31-ல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், இறப்பதற்கு முந்தைய ஆறு வாரத்துக்குள் நெருங்கிய உறவு ஒன்றை இழந்திருந்தார்: பிரிவு, விவாகரத்து, சாவு. உங்கள் அண்ணி போய் மூன்று வாரம் என்கிறீர்கள்.

அண்ணியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் போனதற்குக் காரணம் இருக்கும். திரும்பி வா என்று அவரை நெருக்காதீர்கள், அது உங்கள் வேலையும் இல்லை. நாளைக் காலையில் அண்ணன் தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'சாகணும்னு தோணுதாண்ணா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும் கேட்க ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். புத்தி சொல்லாதீர்கள், அப்பா பேரை இழுக்காதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் அதையும் மருத்துவர் சொல்கிறபடியே செய்யட்டும். ராத்திரி எந்நேரமும் அரசின் உதவி எண்களான 14416-க்கோ 104-க்கோ கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். உங்களுக்கு மனசு கனத்தாலும் அதே எண்கள்தான்.

அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பெண் பார்க்கிற விஷயத்தை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.