ஊசிப் பயத்தை விடுங்கள், நீர்க்கசிவைக் கவனியுங்கள்

கேள்வி: 16 வாரக் கர்ப்பம். எனக்கும் கணவருக்கும் சிக்கிள் செல் டிரெய்ட் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் நோயின் மரபணுவைச் சுமக்கும் நிலை) இருப்பதால், கோவையில் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஊசி பட்டுக் குழந்தை ஊனமாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நீர் குறைந்துவிடாதா? என் ரத்தத்தையும் ஏன் கேட்கிறார்கள்? முதுகுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். பப்பாளி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டேன். – வாசகி, கூடலூர்

பதில்: ஒரு துண்டு பழுத்த பப்பாளியால் ஒன்றும் ஆகாது, மறந்துவிடுங்கள். அந்த வீடியோவையும்தான். ஸ்கேனில் குழந்தையையும் ஊசியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே, குழந்தை இல்லாத பக்கமாகத்தான் ஊசியை இறக்குவார்கள். 15 வாரத்துக்கு முன்பே நீர் எடுத்தால் பாதம் வளைந்துபோகும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. உங்களை இத்தனை நாள் காத்திருக்கச் சொன்னதே அதனால்தான். எடுப்பது 15–20 மில்லி, குழந்தை சிறுநீர் கழித்துக் கழித்து அதைச் சீக்கிரமே நிரப்பிவிடும்.

நீங்கள் எழுதாமல் விட்ட பயம் கரு கலைந்துவிடுமோ என்பதுதானே? இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அனுபவமுள்ள கைகளில் அது நூறில் ஒன்றுக்கும் கீழே. இன்னொரு பக்கம், இருவருக்கும் டிரெய்ட் இருக்கும்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோயே வர நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நீங்களும் கணவரும் முடிவெடுங்கள். பரிசோதனை வேண்டாம் என்றாலும் அது உங்கள் உரிமை. டிரெய்ட் என்பது நோயல்ல, அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லவும் வேண்டாம். நீலகிரி மக்களிடம் இது இருப்பதை 1952-லேயே கண்டு எழுதிவிட்டார்கள்.

நீரில் குழந்தையின் தோல், சிறுநீர்ப்பாதையிலிருந்து உதிர்ந்த செல்கள் மிதக்கும். அவற்றின் டி.என்.ஏ.வில்தான் சிக்கிள் மரபணுவைத் தேடுகிறார்கள். உங்கள் செல் கலந்திருந்தால் முடிவே தப்பாகும், அதனால் முதலில் வரும் ஓரிரு மில்லியைக் கொட்டிவிடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் ரத்தமும் வேண்டும். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், 1994 சட்டப்படி சொல்லக் கூடாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஊசி போட்ட இடத்தில் லேசான வலி, அன்று மட்டும் வயிறு கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது சகஜம். கீழே நீர் கசிவது சகஜமல்ல. சிறுநீரா வெள்ளைப்படுதலா என்று சந்தேகமாக இருந்தால், சுத்தமான பேட் வைத்து அரைமணி படுத்து எழுந்து பாருங்கள்; சிறுநீர் வாடையே இல்லாமல் தண்ணீராக நனைந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாளைக் காலை என்று தள்ளக் கூடாது. பெரும்பாலும் கசிவு தானே நின்றுவிடும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது ஸ்கேன், பக்கத்து வீட்டு அக்கா அல்ல. கசிவோடு குளிரோ காய்ச்சலோ வந்தால் கிருமி உள்ளே போயிருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இதனால்தான் நீர் எடுத்த அன்றே மலைப்பாதையில் கூடலூருக்குத் திரும்ப வேண்டாம் என்கிறேன். சாலை குலுக்கலால் ஒன்றும் ஆகாது, ராத்திரி கசிந்தால் எடுத்த மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரிரு நாள் கோவையிலேயே தங்குங்கள்.

அந்த வலி மாத்திரை என்ன மாத்திரை? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்றால் இன்றே நிறுத்துங்கள், கர்ப்பத்தில் அது கூடாது. போதாததற்கு, காய்ச்சலையும் அமுக்கி மறைத்துவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், ரத்த வகையை எழுதவில்லையே. நெகட்டிவ் என்றால் நீர் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்புப்பொருள் உண்டாக்காமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படும்.