கெடு தாண்டிய அப்பீல்: வாசகர் கேள்விகளும் வக்கீல் பதில்களும்

நிலத் தகராறில் முன்சீப் கோர்ட்டில் தோற்றேன். பெங்களூரில் கட்டட வேலையில் இருந்ததால் அப்பீலுக்கு 74 நாள் தாமதம். மஞ்சள் காமாலை என்று அபிடவிட்டில் (பிரமாண வாக்குமூலத்தில்) எழுதிவிடலாம் என்கிறார்கள். சரியா? (பென்னாகரம்)

வேண்டாம் ஐயா. மஞ்சள் காமாலையும் நாட்டு வைத்தியமும் நம் பக்கத்து அபிடவிட்டுகளில் படாத பாடு படுகின்றன. "எந்த வைத்தியர், எந்த ஊர்?" என்று எதிர்த்தரப்பு கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். உள்ளதை எழுதுங்கள். பெங்களூர் வாடகை ரசீது, கூலி வந்த வங்கிக் கணக்கு, தீர்ப்பு தெரியவந்த நாள், தெரிந்தபின் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் வேண்டும். காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவு கேட்பது போதிய காரணம். ஒவ்வொரு நாளுக்கும் கறாராகக் கணக்குக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. என் அனுபவத்தில், 300 நாள் தாமதம் நல்ல காரணத்தோடு தப்பும். 30 நாள் பொய்யோடு விழும்.

தாமத மன்னிப்பு மனுவை அப்பீலோடு சேர்த்தே போடுங்கள். அது முடிந்து அப்பீல் விசாரணைக்கு ஏற்கப்படும்வரை டிக்ரிக்கு (தீர்ப்பின்படி எழுதப்படும் உத்தரவுக்கு) ஸ்டே, அதாவது இடைக்காலத் தடை, கிடைக்காது. அதற்குள் எதிராளி டிக்ரியை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவோடு வந்துவிடலாம்.

தீர்ப்பு நகல் கிடைக்கவே 45 நாள் ஆனது. அதுவும் தாமதமா? (பாலக்கோடு)

இல்லை. கீழ் அப்பீல் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். நகலுக்காகும் காலம் இதில் கழியும். ஆனால் டிக்ரி எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்து பிறகு நகல் மனு போட்டால், காத்திருந்த நாள் கழியாது. தீர்ப்பு வந்த மறுநாளே மனுப் போடுங்கள். நகல் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளும் உங்கள் தலையில்தான். தேதிகள் நகலிலேயே இருக்கும், பாருங்கள்.

எங்கள் அப்பீலில் எதிர்மனுதாரர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போதுதான் தெரிந்தது. (ஓசூர்)

வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். விட்டால் அவரைப் பொறுத்து அப்பீல் அற்றுப்போகும், அதாவது தானாக முடிந்துவிடும். அப்படி அற்றுப்போனதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள். இரண்டும் தாண்டிவிட்டதால் வாரிசு சேர்ப்பு, அற்றுப்போனதை நீக்குதல், தாமத மன்னிப்பு என்று மூன்று மனு. இறந்ததைக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர் வக்கீலுக்கு உண்டு. சொல்லவில்லை என்றால் அபிடவிட்டில் அழுத்திக் குறிப்பிடுங்கள்.

செலவுத்தொகை கட்ட கோர்ட்டு கொடுத்த 15 நாள் போய்விட்டது. (கிருஷ்ணகிரி)

இது வேறு கதை. கோர்ட்டே வைத்த கெடு என்பதால் சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஆம் பிரிவில் நீட்டிக்கக் கேளுங்கள். கெடு முடிந்த பிறகும் கேட்கலாம். மொத்தம் 30 நாள்தான் சட்டக் கணக்கு. கைமீறிய காரணம் இருந்தால் மட்டும் அதற்கு மேலும் நீதிபதி பார்ப்பார்.

அப்பீல் கெடு மே விடுமுறையில் முடிகிறது. (அரூர்)

கோர்ட்டு திறக்கும் அன்றே போட்டால் தாமதமே இல்லை. மறுநாள் போனால் விடுமுறை நாட்களும் சேர்ந்து தாமதக் கணக்கில் ஏறும்.