வில்லின் முனையில் இருக்கிறது வேகம்

கேள்வி: இலக்கை நோக்கும் பக்கமான வில்லின் முதுகில் மூங்கில் பட்டையை ஒட்டி, ஆறடி நீளத்தில் நானே ஒரு மரவில் செய்தேன். லக்கேஜ் தராசில் மாட்டி 28 அங்குலம் இழுத்தபோது 20 கிலோ காட்டியது. கோடையில் நன்றாகப் பாய்ந்த அம்பு, மழைக்காலத்துக்குப் பிறகு மந்தமாகப் போகிறது. 25 கிலோ இழுக்கும் புது வில் செய்தால் வேகம் கூடுமா?
– வாசகர், காசிமேடு.

பதில்: மரக்கடைக்குப் போகும் முன், கையிலுள்ள வில்லை அளந்து பாருங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், பின்னால் மண்மேடு உள்ள இலக்கை 20 மீட்டர் தொலைவில் வைத்து, காலடியில் செல்போனை ஒலிப்பதிவில் விட்டு எய்யுங்கள். நாண் அதிரும் ஒலிக்கும் அம்பு தைக்கும் ஒலிக்கும் இடையே 0.50 விநாடி இருந்தால், தைத்த ஒலி உங்களை வந்தடைய எடுக்கும் 0.06 விநாடியைக் கழித்துவிடுங்கள், மீதி 0.44 விநாடியில் 20 மீட்டர், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 45 மீட்டர். 20 கிலோ மரவில்லில் 28 கிராம் அம்புக்கு இது நல்ல வேகம். அம்பின் எடை மாறினால் வேகமும் மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதே அம்பையே எய்யுங்கள்.

இழுவிசை கூடும் அளவுக்கு வேகம் கூடுவதில்லை. 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர விற்களின் இழுவிசையை 45 முதல் 80 கிலோ வரை மதிப்பிடுகிறார்கள். அத்தகைய வில்லும் தனக்குரிய கனத்த போரம்பை விநாடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில்தான் செலுத்தும்.

நாணை விட்டதும், வில்லில் தேங்கிய ஆற்றலில் ஒரு பெரும்பங்கு வில்லின் கைகளை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை, முன்னே தள்ளுவதிலேயே செலவாகிறது. கைப்பிடியருகே உள்ள மரம் அசைவதே இல்லை; முனைகளோ மிக அதிகத் தொலைவை மிக வேகமாகக் கடக்கின்றன. ஆகவே முனையில் மிஞ்சியிருக்கும் சில கிராம் மரம்தான் அம்பின் வேகத்தைத் தின்கிறது. நாண் மாட்டும் குதையிலிருந்து ஆறு அங்குலம் வரை, பக்கவாட்டில் மட்டும், கண்ணாடிச் சில்லால் சுருள் சுருளாகச் சீவி, சுண்டுவிரல் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். மூங்கிலின் வழவழப்பான வெளித்தோலில் சில்லு படவே கூடாது. இழுவையைத் தாங்குவது அந்தத் தோலின் நார்கள். ஒரு நார் அறுந்து கிளம்பினால் வில் அங்கேயே முறியும்.

உங்கள் வில் மந்தமானதற்கு ஈரத்தையே முதலில் சந்தேகிக்கிறேன். கடற்காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமரம் வளைத்தபின் முழுவதும் நிமிராது. நாணைக் கழற்றி, வில்லை நேரான சட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள். முனைகள் உங்கள் பக்கமாக இரண்டு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், நிலைத்துவிட்ட அந்த வளைவு இனி நீங்காது. ஆனால் காயவைத்தால் அது மேலும் அதிகரிக்காது. வெயிலில் போடாமல், நாணேற்றாமல், சமையலறைப் பரண் போன்ற உலர்ந்த இடத்தில் படுக்கையாக வைத்து, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றதும் வார்னிஷ் பூசி, அதே அம்பை அதே 20 மீட்டரில் எய்து, எத்தனை விநாடி என்று எழுதுங்கள்.