நண்பரின் அப்பா அன்யேஹோ ஊற்றிக் கொடுத்தால்

தம்பி, மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆபீஸ் நண்பரின் அப்பா ஞாயிறு விருந்தில் அன்யேஹோ, அதாவது பீப்பாயில் ஊறவைத்த டெக்கீலா மது, ஊற்றி எப்படி இருக்கிறது என்று கேட்பாராம், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்பும் எலுமிச்சையும் தேடாதீர்கள். ஒரே மடக்காகவும் வேண்டாம். வந்த புதிதில் நான் அப்படிக் குடித்தபோது ஊற்றிய பெரியவரின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. டெக்கீலா, அகாவே என்ற கற்றாழை மாதிரிச் செடியை வேகவைத்துச் செய்வது. அந்தச் செடி வெட்டுக்கு வரவே ஆறேழு வருடம் ஆகும். அப்புறம் பீப்பாயில் குறைந்தது ஒரு வருடம்.

மூக்கைக் கோப்பைக்குள் விடாமல் விளிம்பில் வைத்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். வனிலா, காய்ச்சிய சர்க்கரை, பட்டை என்று முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் பீப்பாய் மரத்தின் வாசனை. அதற்குப் பின்னால் இன்னொன்றைத் தேடுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுடும்போது தோல் வெடித்துப் பாகு கசிந்து லேசாகத் தீயுமே, அந்த வாசனை. அதுதான் வெந்த அகாவே. டெக்கீலா என்ற ஊருக்குப் போனால் தெருவிலேயே அடிக்கும். என்னைக் கேட்டால் அன்யேஹோவின் தரம் அதில்தான் இருக்கிறது. மரம் அதை மூடிவிட்டால், எத்தனை வருடம் வைத்திருந்தாலும் எனக்கு அது நல்ல டெக்கீலா இல்லை.

முதல் வாய் எரிக்கும், அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். இரண்டாவது வாயை நாக்கில் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மிளகுக் காரமா, கசப்பா, இனிப்பா, கடைசியில் எது நிற்கிறது என்று பாருங்கள். கேக் மாதிரி வனிலா தூக்கலாக இருந்து உதட்டிலும் பிசுபிசுத்தால் நான் சந்தேகப்படுவேன். 100 சதவீதம் அகாவே என்று எழுதிய புட்டியிலும் நிறத்துக்கும் இனிப்புக்குமாக 1 சதவீதம் வரை வேறு பொருள் கலக்க விதி இடம் தருகிறது.

வெந்த அகாவே தெரிந்தால், ‘அகாவே கொசீதோ’ என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் சும்மா சொல்ல வேண்டாம். அகாவே எந்தப் பக்கத்தது, அராந்தாஸ் மேட்டு நிலமா, அமாதித்தான் பள்ளத்தாக்கா என்று கேளுங்கள். மேட்டு நிலத்தது பழ இனிப்பாக இருக்கும், பள்ளத்தாக்கில் மண்ணும் மூலிகையும் தூக்கும் என்பார்கள். பெரியவர் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கார் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இங்கே ஞாயிறு மதியச் சாப்பாடு முடிய இரவாகிவிடும்.