செம்பருத்தி கன்னு அப்படியே நிக்குதா? இந்த மாசம் வந்த கேள்விகள்

புளியரைல இருந்து ஒரு தங்கச்சி: அண்ணாச்சி, விதை போட்டு நாலு மாசமாச்சு, இன்னும் அஞ்சு இலைதான். சாரலுக்குப் பயந்து ஹால்ல வச்சிருக்கேன், தினமும் தண்ணி ஊத்துறேன்.

தினமும் ஊத்துறதுதாம்மா பிரச்சனையே. ஆனி ஆடில நம்ம பக்கம் வெயிலே எட்டிப் பாக்காது, அதுலயும் ஓட்டு வீட்டு ஹால்ல கம்பி ஜன்னலுக்கு நாலடி தள்ளி வச்சா நம்ம கண்ணுக்கு வெளிச்சமாத்தான் தெரியும், கண்ணு பழகிக்கிடும், இலைக்கு அது பத்தாது. வெளிச்சம் இல்லன்னா செடி தண்ணி குடிக்காது, குடிக்காத தண்ணி மண்ணுலயே நிக்கும், வேருக்கு காத்து கிடைக்காம அழுக ஆரம்பிச்சிரும், அப்புறம் மேல எப்படி இலை விடும் சொல்லு. கன்ன மெதுவா எடுத்து வேரப் பாரு. வெள்ளையா இருந்தா நல்லது, பழுப்பா கொழகொழன்னு இருந்தா அத வெட்டிட்டு மாத்தி நடு. பெரிய தொட்டி வேண்டாம், நாலு இஞ்ச் தொட்டி போதும், அடியில ஓட்டை கட்டாயம் இருக்கணும். செம்மண், கழுவின கோகோபீட் (தேங்கா நார்த்தூள்), ஆத்து மணல் மூணும் சமமா, கூட ஒரு கை மண்புழு உரம். கோகோபீட்டுல உப்பு இருக்கும், அதான் ரெண்டு மூணு தடவ அலசச் சொல்றேன். விரல ஒரு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. ஜன்னலோட ஒட்டி வை, முடியலன்னா பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையா எரியுற 6500 கெல்வின் எல்.இ.டி. பல்ப ஒரு அடி உசரத்துல மாட்டி 12 மணி நேரம் எரிய விடு.

குமுளி: மார்கழில எங்க வீட்டுல வளர்ச்சியே நின்னு போச்சுங்க.

குளிருதான். இது வெப்பநாட்டுச் செடி, 20ல இருந்து 30 டிகிரி வரைக்கும் சந்தோஷமா வளரும், 10க்கு கீழ போனா ஒடுங்கிரும். ராத்திரி ஜன்னல் கண்ணாடிய விட்டு தள்ளி வைங்க, சிமெண்ட் தரைல வைக்காம பலகை மேல வைங்க. தண்ணி காலைல, அதுவும் கொஞ்சமா. உரம் வேண்டவே வேண்டாம், தை பொறந்து சூடு ஏறட்டும்.

களியக்காவிளை: செம்பரத்தி வளரட்டும்னு டி.ஏ.பி. உரம் போட்டேன், புது இலை மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை.

மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா இத நெறைய பேரு செய்றாங்க. டி.ஏ.பி.ல 46 சதம் பாஸ்பரஸ் சத்து, செம்பருத்திக்கு அது அதிகமானா இரும்புச்சத்த எடுக்க முடியாம போயிரும், நீங்க சொல்ற மஞ்சள் அதுதான். மேல கிடக்குற குருணைய பொறுக்கிட்டு, மழத்தண்ணிய தொட்டி அடியில வழியுற அளவு ரெண்டு தடவ ஊத்தி வடிய விடுங்க. ரெண்டு மாசத்துக்கு எதுவும் போடாதீங்க. அதுக்கப்புறமும் மண்புழு உரம் ஒரு ஸ்பூன், மாசம் ஒருக்கா, அவ்வளவுதான்.

இலைக்கடியில வெள்ளப் பஞ்சு மாதிரி இருக்கு, என்ன செய்ய?

மாவுப்பூச்சி. ஈரத்துணியால தொடச்சிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்பு, ஒரு லிட்டர் தண்ணில கலக்கி சாயங்காலம் அடிங்க, வாரம் ஒருக்கா மூணு வாரம். எறும்பு ஏறுதான்னும் பாருங்க.

எப்ப வெளிய வைக்கலாம், எப்ப பூக்கும்?

சாரல் ஓஞ்சதும், மொத நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்படியே பத்து நாள்ல கூட்டிக்கிட்டே போங்க, நேரா மொட்டை மாடில வச்சா இலை வெந்துரும். விதைக் கன்னு பூக்க ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும். தாய்ச்செடி மாதிரியேதான் பூக்கும்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு விதையும் வேற வேற நிறத்துல பூக்கலாம், அதே பூ வேணும்னா குச்சி வெட்டித்தான் வைக்கணும்.