திண்ணைப் பள்ளியில் நடந்தது என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். ஒரே வாத்தியார்தான், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகவே உட்கார்ந்திருப்போம் என்பார். அதைக் கல்வியின் பொற்காலம் என்று சிலரும், வெறும் மனப்பாடமும் பிரம்படியும்தான் என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

போற்றுவோரும் தூற்றுவோரும் அந்தத் திண்ணையில் பாடம் எப்படி நடந்தது என்பதை உற்று நோக்குவதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை மணலைப் பரப்பி அதில் விரலால் அகரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அதன் அருகில் மூத்தவன் ஓலையில் எழுத்தாணி பிடித்துப் பழகுவான். வேறொருவன் எண்சுவடியை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி என்று கீழ்வாய்க் கணக்கு நாவில் ஏறிய பையனுக்கு நிலமும் நெல்லும் பங்கு பிரிக்கும்போது தாளும் எழுதுகோலும் தேவைப்படவில்லை. மனப்பாடம் என்று அதை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலாது.

ஒரே வாத்தியார் இத்தனை பேரைச் சமாளித்தது சட்டாம்பிள்ளையால்தான். கற்ற மாணவன் கல்லாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கத்தின் அருமையை உணர்ந்தவர் ஆண்ட்ரூ பெல். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய அவர், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

ஆனால் பொற்காலம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களுள் பெரும்பாலோர் பிராமணரல்லாதார் என்பதை அக்கணக்கு காட்டுகிறது. இது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. அதே கணக்கில் மாகாணம் முழுவதற்கும் பெண் பிள்ளைகள் ஐயாயிரத்தை எட்டவில்லை. சேரியில் பிறந்த பிள்ளைக்கோ பெரும்பாலான ஊர்களில் அந்தத் திண்ணையில் ஏறவே இடமில்லை. பிரம்படியைவிட இதுவே அந்தப் பள்ளியின் பெருங்குறை என்று கருதுகிறேன்.

விடுதலைக்குப் பின், குறிப்பாகக் காமராசர் ஆட்சியில், சிற்றூர்தோறும் திறக்கப்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் அந்தக் கதவைத் திறந்தன. ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக அவை திண்ணைப் பள்ளியின் வடிவிலேயே இருந்தாலும், ஐந்து வகுப்புகளுக்கும் தனித்தனிப் பாடநூல் வந்துவிட்டதால், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்ற நான்கு வகுப்புகள் காத்திருக்க நேர்ந்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும் என்றது. அது நியாயமான கோரிக்கைதான். எனினும், இன்றும் ஓர் ஆசிரியரோடு இயங்கும் பள்ளிகளில், சட்டாம்பிள்ளையை வெறும் அமைதி காக்கும் காவலனாக வைத்திருக்காமல், சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அவனிடம் தரலாம் என்பது என் உறுதியான கருத்து.